வி டிரைவ் நாட்குறிப்பு

மே 4, அல்சூர், பெங்களூரு

வீட்டுப் பத்திரம், காத்தா (மாநகராட்சியின் சொத்துப் பதிவு), சொத்துவரி ரசீது, பழைய போட்டோ ஸ்கேன் எல்லாம் ஒரே விர்ச்சுவல் டிஸ்க்குக்குள் போகின்றன. அது உண்மையில் ஒரே ஒரு ஃபைல்; அட்டாச் செய்தால், அதாவது விண்டோஸோடு இணைத்தால், தனி டிரைவ் போலத் தெரியும். விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்ட், ஆக்‌ஷன் மெனு, கிரியேட் விஎச்டி. இடம் டி டிரைவ், அளவு 20 ஜிபி.

ஃபைலின் வகை விஎச்டியா, விஎச்டிஎக்ஸா என்று கேட்கும். தயங்காமல் விஎச்டிஎக்ஸ். பழைய விஎச்டி 2040 ஜிபியோடு நின்றுவிடும், புதிய விஎச்டிஎக்ஸ் 64 டிபி வரை போகும் என்பது வீட்டுக்குப் பெரிய விஷயமில்லை. விஎச்டிஎக்ஸுக்குள் ஒரு லாக், அதாவது மாற்றங்களைக் குறித்துவைக்கும் பதிவேடு, இருக்கிறது. எழுதும்போது மெஷின் பட்டென்று அணைந்தாலும் டிஸ்க்கின் கட்டமைப்பு சிதையாமல் அது காக்கிறது. பாதி எழுதிய ஃபைலை அது மீட்டுத் தராது. விண்டோஸ் 7-இல் விஎச்டிஎக்ஸ் திறக்காது. அப்படி ஒரு மெஷினுக்கும் கொண்டுபோக வேண்டுமென்றால் மட்டும் விஎச்டி.

அடுத்தது ஃபிக்ஸடா, டைனமிக்கா. ஃபிக்ஸட் என்றால் டி டிரைவில் 20 ஜிபி இடத்தை இப்போதே பிடித்துக்கொள்ளும். டைனமிக் ஃபைல் வெறும் 4 எம்பியில் பிறந்து, 32 எம்பி துண்டுகளாக வளரும். டைனமிக் போதும்.

புதிய டிஸ்க் நீல ஐகானோடு, நாட் இனிஷியலைஸ்டு என்று வந்து நிற்கும். இனிஷியலைஸ் செய்ய ரைட் கிளிக் பண்ண வேண்டியது இடது ஓரத்தில் டிஸ்க் எண் இருக்கும் பெட்டியில். வலப்பக்கக் கறுப்புப் பட்டையில் தேடினால் அந்த மெனுவே கிடைக்காது. பார்ட்டிஷன் முறை ஜிபிடி, பிறகு பட்டையில் நியூ சிம்பிள் வால்யூம், ஃபார்மேட் என்டிஎஃப்எஸ், டிரைவ் எழுத்து வி. கிடைத்தது 19.98 ஜிபி, விண்டோஸ் தனக்கென 16 எம்பி ஒதுக்கிக்கொள்வதால்.

மே 5

டிஸ்க் ஃபைலை வேறு ஃபோல்டருக்குக் காப்பி செய்ததும் அந்தக் காப்பி அட்டாச் ஆகவில்லை. அந்த ஃபோல்டரில் என்டிஎஃப்எஸ் கம்ப்ரெஷன் போட்டிருந்தது. டிஸ்க் ஃபைல் கம்ப்ரெஸ் ஆகியிருக்கக் கூடாது, என்க்ரிப்ட் ஆகியிருக்கக் கூடாது, ஸ்பார்ஸாகவும் (காலிப் பகுதிகளுக்கு இடம் ஒதுக்காத ஃபைலாகவும்) இருக்கக் கூடாது. ப்ராப்பர்ட்டீஸ், அட்வான்ஸ்டில் டிக்கை எடுத்ததும் சரியானது.

மே 9

ரீஸ்டார்ட் செய்தால் வி டிரைவ் காணாமல் போகும். ஃபைல் பத்திரமாக இருக்கிறது, அட்டாச் மட்டும் விட்டுப்போகிறது. ஒரு டெக்ஸ்ட் ஃபைலில் இரண்டு வரி: செலக்ட் விடிஸ்க் என்று ஃபைலின் முழுப் பாதையோடு ஒன்று, அட்டாச் விடிஸ்க் என்று ஒன்று. டாஸ்க் ஷெட்யூலரில், டிஸ்க்குகளைக் கட்டளை வரிகளால் கையாளும் டிஸ்க்பார்ட்டை இந்த ஃபைலோடு லாக் ஆன் நேரத்தில் ஓடவிட வேண்டும். ஹையஸ்ட் ப்ரிவிலேஜஸ் டிக் கட்டாயம்.

மே 11

மாலை மழை, கரண்ட் இல்லை. பேட்டரியில் லேப்டாப்பைத் திறந்தால் வி டிரைவ் இல்லை. ஷெட்யூலரின் கண்டிஷன்ஸ் பக்கத்தில், ஏசி பவர் இருந்தால் மட்டும் தொடங்கு என்ற டிக் முன்கூட்டியே போட்டிருக்கும். அதை எடுத்தாயிற்று. மே மாத பெங்களூரில் இதைக் கவனிக்காமல் விடவே கூடாது.

மே 16

பேக்கப். அட்டாச் ஆகியிருக்கும்போது காப்பி செய்ய முயன்றால், ஃபைல் பயன்பாட்டில் இருக்கிறது என்று தடுக்கும். எக்ஸ்புளோரரில் வி டிரைவை ரைட் கிளிக் செய்து எஜெக்ட், அப்புறம் காப்பி. பென் டிரைவ் ஃபேட்32-ஆக இருந்தால் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஃபைல் ஏறாது. பென் டிரைவை என்டிஎஃப்எஸ்ஸில் ஃபார்மேட் செய்தபின் ஏறியது. ஃபார்மேட் செய்தால் அதில் இருப்பதெல்லாம் அழியும், முதலில் வேறு இடத்தில் எடுத்து வைக்க வேண்டும்.

மே 23

வி டிரைவில் 5 ஜிபி போட்டோவை அழித்தும் டி டிரைவில் ஒரு எம்பி கூடத் திரும்பவில்லை. டைனமிக் டிஸ்க் வளரும், தானாகச் சுருங்காது. இதில் ஆபத்தும் உண்டு: வி டிரைவில் இடம் காலி என்று காட்டும், டி டிரைவ் நிரம்பிவிட்டால் எழுதுவது பாதியில் நின்றுபோகும். டி டிரைவில் எப்போதும் மிச்சம் வைக்க வேண்டும்.

சுருக்கும் முறை: முதலில் ரீசைக்கிள் பின்னைக் காலி செய்து எஜெக்ட். அட்மினாக டிஸ்க்பார்ட். செலக்ட் விடிஸ்க், அட்டாச் விடிஸ்க் ரீட்ஒன்லி, காம்பாக்ட் விடிஸ்க், டிடாச் விடிஸ்க். ரீட்ஒன்லியாக அட்டாச் செய்தால்தான் உள்ளே எந்தத் துண்டு காலி என்பதை டிஸ்க்பார்ட் முழுதாகப் பார்த்து விடுவிக்கும்.

14.2 ஜிபி ஃபைல் 9.9 ஜிபி ஆனது. 5 ஜிபி முழுதும் திரும்பாததற்குக் காரணம், சில 32 எம்பி துண்டுகளில் இன்னும் ஒன்றிரண்டு ஸ்கேன் ஒட்டிக்கொண்டிருப்பது.