இரண்டு சில்லுகளுக்கு நடுவே ஓர் இண்டியம் மொட்டு

சில மாதங்களுக்கு முன், பயன்படாது என்று ஒதுக்கப்பட்ட அகச்சிவப்பு உணரி ஒன்றைப் பிரித்து, அதன் இரண்டு பாதிகளான சில்லுகளையும் நுண்ணோக்கியின் கீழ் வைத்துப் பார்த்தேன். 320 × 256 பிக்சல்களும் 30 மைக்ரான் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) இடைவெளியும் கொண்ட சிறிய உணரி அது. நடுப்பகுதியில் ஒவ்வொரு பிக்சலின் மேலும், சில்லுகளை இணைக்க மொட்டுப்போல் வைத்த இண்டியம் என்ற உலோகம் இழுபட்டு அறுந்து, கூரிய முனையோடு நின்றது. எதிர்ச்சில்லிலும் அதே போன்ற முனை இருந்தது. ஆனால் ஒரு மூலையை நோக்கி நகர நகர அந்தக் கூர்மை குறைந்து, கடைசிச் சில வரிசைகளில் மொட்டுகளின் தலை தட்டையாகவும் பளபளப்பாகவும் தெரிந்தது. அங்கே இரண்டு சில்லுகளும் தொட்டிருக்கின்றன, ஒட்டவில்லை. படத்தில் அந்த மூலை ஏன் எப்போதும் கறுப்பாகவே இருந்தது என்பதற்கு வேறு சாட்சி தேவைப்படவில்லை.

இப்படி இரண்டு சில்லுகளைச் செய்து ஒட்டுவானேன் என்று கேட்பவர்கள் உண்டு. கைப்பேசிக் கேமராவில் ஒளியை உணர்வதும் அதை மின்னழுத்தமாக வாசிப்பதும் சிலிக்கானே. ஆனால் சுமார் 1.1 மைக்ரானைத் தாண்டிய அகச்சிவப்பு அலைநீளங்களுக்குச் சிலிக்கான் வெறும் கண்ணாடி. ஒளி அதனூடே கடந்து போய்விடும். அந்த ஒளியைப் பிடிக்க இண்டியம்-காலியம்-ஆர்சனைடு, இண்டியம்-ஆண்டிமோனைடு, பாதரசம்-காட்மியம்-டெலூரைடு போன்ற பொருள்கள் வேண்டும். இவற்றில் ஒளியை மின்னோட்டமாக மாற்றும் நல்ல ஒளிடயோடுகளைச் செய்யலாம்; ஆனால் இலட்சக்கணக்கான டிரான்சிஸ்டர்கள் கொண்ட வாசிப்புச் சுற்றைச் சிலிக்கானில் செய்வதைப் போல இவற்றில் செய்ய இயலாது. ஆகவே டயோடு வரிசையைத் தனியாகவும் வாசிப்புச் சில்லைத் தனியாகவும் செய்து, பின்னர் முகத்தோடு முகம் வைத்து, ஒவ்வொரு டயோடையும் அதற்கு நேர் எதிரே உள்ள டிரான்சிஸ்டருடன் இணைக்கிறார்கள். முன்முகம் முழுவதும் இணைப்புகளால் மூடப்பட்டுவிடுவதால், ஒளி டயோடு வரிசையின் முதுகுப் பக்கமாகவே உள்ளே வரும்.

அந்த இணைப்பைத்தான் ஆய்வகத்தில் 'பம்ப்' என்கிறோம். தமிழில் எழுதும்போது எனக்கு 'மொட்டு' என்ற சொல்லே பொருத்தமாகப் படுகிறது. சில மைக்ரான் உயரத்தில் வரிசை வரிசையாக நிற்கும் அவற்றைப் பார்த்தவர்கள் இதை ஒப்புக்கொள்வார்கள் என்று நினைக்கிறேன். தடித்த ஒளியுணர் பூச்சில் குழிகளைத் திறந்து, வெற்றிடத்தில் இண்டியத்தை ஆவியாக்கிப் படியவைத்து, பிறகு பூச்சைக் கரைத்து நீக்கினால், குழிகளில் விழுந்த இண்டியம் மட்டும் மிஞ்சும். சொல்வதற்கு எளிது, பூச்சோடு போக வேண்டிய இண்டியத்தில் ஓர் இழை அறுபடாமல் இரண்டு மொட்டுகளுக்குக் குறுக்கே கிடந்தால், அவ்விரண்டு பிக்சல்களும் கடைசிவரை ஒன்றாகவே பேசும்.

இண்டியத்தைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் அதன் மென்மை. நகத்தால் கீறினாலே தடம் பதியும் உலோகம் அது, 156.6 டிகிரி செல்சியஸில் உருகிவிடும் என்றாலும் பெரும்பாலும் உருக்க வேண்டிய தேவையே எழுவதில்லை, அழுத்தினாலே ஒன்றோடொன்று குளிர்ப்பற்றாகச் சேர்ந்துவிடும். அதைவிட முக்கியமாக, இத்தகைய உணரிகள் பல இயங்க வேண்டிய, மற்ற பற்றாசுகள் விறைத்து உடையக்கூடிய கடுங்குளிரிலும் இண்டியம் நெகிழ்ச்சியை இழப்பதில்லை. அதன் எதிரி காற்றில் உருவாகும் மெல்லிய ஆக்சைடு படலம். நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தாலோ, ஃபார்மிக் அமில ஆவியாலோ, பிளாஸ்மாவாலோ அந்தப் படலத்தை அகற்றிவிட்டு, நேரத்தை வீணாக்காமல் அழுத்த வேண்டும். தேநீர் குடித்துவிட்டு வந்து தொடரலாம் என்ற எண்ணத்துக்கு இந்த இடத்தில் இடமில்லை.

ஆனால் நான் பிரித்த உணரியில் குற்றவாளி ஆக்சைடு அல்ல, சாய்வு. ஆக்சைடாக இருந்தால் தட்டையான தலைகள் அங்கங்கே சிதறிக் கிடந்திருக்கும். இங்கோ அவை ஒரே திசையில் சீராகக் கூடிக்கொண்டே போயின. சுமார் பத்து மில்லிமீட்டர் அகலமுள்ள சில்லில் ஒரு ஓரம் மற்றொன்றைவிட இரண்டு மைக்ரான் உயர்ந்திருந்தால், அந்தச் சாய்வு ஒரு டிகிரியில் நூறில் ஒரு பங்குக்குச் சற்று மேல். மொட்டுகள் நசுங்கும் ஆழமே சில மைக்ரான்தான் என்பதால் அவ்வளவே போதும். தாங்கு தட்டில் ஒட்டிய ஒரு தூசித் துகள்கூட இதைச் செய்யும்.

உணரி பெரிதாகும்போது கணக்கு வேறு விதமாக மிரட்டுகிறது. வானியலில் பெயர்பெற்ற 2048 × 2048 பிக்சல் உணரியில் 41,94,304 மொட்டுகள் உள்ளன. ஒரு மொட்டுக்கு ஒரு கிராமில் பத்தில் ஒரு பங்கு விசை போதும் என்று வைத்துக்கொண்டாலும், மொத்தம் ஏறத்தாழ 420 கிலோ எடையை, எளிதில் நொறுங்கும் படிகத்தின் மேல், ஒரு மைக்ரான்கூடப் பக்கவாட்டில் வழுக்காமல் இறக்க வேண்டும்.

அதோடு முடிவதில்லை. அறை வெப்பநிலையில் ஒட்டிய இந்தச் சோடியைப் பிறகு 40 கெல்வின் (சுமார் −233 டிகிரி செல்சியஸ்) அளவுக்குக் குளிர்விப்பார்கள். பாதரசம்-காட்மியம்-டெலூரைடு சிலிக்கானைப்போல் சுமார் இரண்டு மடங்கு சுருங்கும். 18 மைக்ரான் பிக்சல் கொண்ட அந்த உணரியில் நடுவிலிருந்து மூலைக்கு 26 மில்லிமீட்டர். அறை வெப்பநிலையின் விரிவுக் குணகங்களை வைத்துத் தோராயமாகக் கணக்கிட்டாலே, இரண்டு பொருள்களையும் தனித்தனியே சுருங்கவிட்டால் மூலையில் கிட்டத்தட்ட ஒரு பிக்சல் அளவுக்கு விலகல் வரும். எந்த மொட்டும் அவ்வளவு வளைந்து கொடுக்காது. எனவே மொட்டுகளுக்கு இடையே எபாக்சி என்ற பசையை நுண்துளை ஈர்ப்பால் ஊறவைத்து இறுகச் செய்து, டயோடு அடுக்கைத் தாங்கியிருந்த காட்மியம்-துத்தநாகம்-டெலூரைடு அடித்தளத்தை முழுவதுமாக அகற்றிவிடுகிறார்கள். எஞ்சும் சில மைக்ரான் அடுக்குக்குச் சிலிக்கானை எதிர்த்து நிற்கும் வலு இல்லை. அது சிலிக்கான் போன வழியே போகும். அடித்தளத்தை நீக்குவதால் கண்ணுக்குத் தெரியும் ஒளியையும் உணரி பிடிக்கத் தொடங்குவது கூடுதல் ஆதாயம்.

ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கியின் நான்கு கருவிகளில் மூன்று இந்த வகை உணரிகளையே பயன்படுத்துகின்றன. 2010-இல், 5 மைக்ரான் அலைநீளம் வரை உணரும் அவ்வுணரிகளில் சில, எதுவும் செய்யாமல் அறை வெப்பநிலையில் சும்மா வைத்திருந்தபோதே சீர்கெட்டு வருவது தெரிந்தது. நாசா அமைத்த ஆய்வுக் குழு, மொட்டின் இண்டியம் டயோடின் தங்கத் தொடுமுனையோடு கலந்து, அதையும் கடந்து, பாதரசம்-காட்மியம்-டெலூரைடு அடுக்குக்குள் நுழைந்திருப்பதைக் கண்டறிந்தது. வடிவமைப்பில் இருந்த குறைதான் அதற்கு வழிவிட்டிருந்தது. திருத்திய வடிவமைப்பு 2012-இன் தொடக்கத்தில் விண்வெளிப் பயன்பாட்டுக்குத் தகுதி பெற்றது; புதிய உணரிகளும் செய்யப்பட்டன. எல்லோரும் இணைப்பின் குளிரைப் பற்றியே கவலைப்பட்டுக்கொண்டிருக்க, கெடுதல் அலமாரியின் வெதுவெதுப்பில் நடந்திருக்கிறது என்பதுதான் இதில் என்னை உலுக்கியது.

அண்மையில் மொட்டே இல்லாத வழியும் வந்துவிட்டது. இரண்டு முகங்களையும் மழமழவென்று தேய்த்து, செம்பைச் செம்போடு நேராக ஒட்டும் முறையில் சோனி நிறுவனம் 2020-இல் 5 மைக்ரான் பிக்சல் கொண்ட இண்டியம்-காலியம்-ஆர்சனைடு உணரிகளை அறிவித்தது; அவ்வளவு நெருக்கமாக இண்டியம் மொட்டுகளை நிறுத்துவது பெரும்பாடு. அவை கடுங்குளிரைக் கோராத உணரிகள். கடுங்குளிரில் இயங்க வேண்டிய பெரிய வரிசைகளுக்கு நான் இன்னமும் இண்டியத்தையே நம்புவேன்.

வெப் தொலைநோக்கிக்கென உதிரியாக வைத்திருந்த பழைய உணரிகளை அதன் பிறகு கடுங்குளிர்ப் பெட்டிகளில் பாதுகாத்தார்கள். வெப்பம் குறைந்தால் இண்டியம் ஊடுருவும் வேகமும் குறையும். அதனால், ஒரு படம்கூட எடுக்காத அந்தச் சில்லுகள் வேலையில் இருப்பவை போலவே உறைகுளிரில் காத்திருந்தன.