தண்ணீர் இறங்கிக்கொண்டே போகும் குளம்: பிரிஸ்பேன் நாட்குறிப்பு

பிப்ரவரி 8, 2025, சனி

மூன்று வாரத்தில் நீச்சல் குளத்துக்கு இது நாலாவது உப்பு மூட்டை. 20 கிலோவைத் தூக்கிக்கொண்டு பின்பக்கம் வரும்போதுதான் உறைத்தது: வெயிலில் ஆவியாகிற தண்ணீர் உப்பைக் கூட்டிக்கொண்டு போகாதே! வெறும் வெயில் என்றால் உப்பு உள்ளேயே தங்கி இன்னும் கரிக்க வேண்டும். உப்பிலிருந்து குளோரின் செய்யும் குளோரினேட்டரோ உப்பு போதவில்லை என்று தினமும் விளக்கெரிக்கிறது. அப்படியென்றால் உப்போடு சேர்ந்து தண்ணீர் எங்கோ போகிறது.

வீடு வாங்கும்போதே இருந்த பூல் இது. 1980களில் குழி வெட்டி இறக்கிய ஃபைபர்கிளாஸ் தொட்டி, 8 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம். நீலம் வெளுத்து, கையால் தேய்த்தால் சுண்ணாம்பு போல மாவு ஒட்டும். கீழே தடுப்புச் சுவர் ஓரம் இருக்கும் கறிவேப்பிலை ஒரு மாதமாக இலை நுனி கருகி நிற்கிறது. உரம் வைத்துப் பார்த்தேன். இன்று அந்தச் சுவரின் கசிவுத் துளையில் விரல் வைத்து நாக்கில் தொட்டேன். உப்பு.

பிப்ரவரி 10, திங்கள்

வாளி சோதனை. இரண்டாவது படியில் ஒரு வாளியை வைத்து, பூல் தண்ணீரையே வெளியே நிற்கும் மட்டத்துக்கு உள்ளேயும் நிரப்பி, இரண்டு பக்கமும் கோடு போட்டு, 24 மணி நேரம் அப்படியே விட வேண்டும். வாளியில் குறைவது வெயில் குடித்தது, பூலில் அதற்கு மேல் குறைவதெல்லாம் ஒழுக்கு.

வாளியில் 6 மில்லிமீட்டர். பூலில் 41.

35 மில்லிமீட்டர் என்றால் இந்தப் பரப்புக்கு நாளொன்றுக்கு ஆயிரம் லிட்டருக்குக் குறையாது. இங்கே கிலோலிட்டருக்கு நான்கு டாலருக்கு மேல் ஆகிறது, அதைக்கூடத் தாங்கலாம். அந்த ஆயிரம் லிட்டர் தொட்டிக்கு அடியில் உள்ள மணலைத் தினமும் அரித்துக்கொண்டு போகிறதே, அதுதான் வயிற்றைக் கலக்குகிறது.

பிப்ரவரி 12, புதன்

பம்பை நிறுத்திவிட்டு மறுபடி அளந்தேன். 39. ஓடினாலும் நின்றாலும் ஏறக்குறைய ஒன்றுதான். தண்ணீரைத் திருப்பி அனுப்பும் குழாயில் ஓட்டை என்றால் பம்ப் ஓடும்போது வேகமாகக் குறைய வேண்டும், உறிஞ்சும் குழாய் என்றால் பம்ப் கூடைக்குள் காற்றுக் குமிழி வர வேண்டும். இரண்டும் இல்லை. தொட்டியிலேயே எங்கோ.

பிப்ரவரி 15, சனி

கண்டுபிடித்தாயிற்று!

மகளுக்கு மருந்து கொடுக்கும் சிரிஞ்சில் சமையல் சிவப்பு நிறத்தை நிரப்பி, நீச்சல் கண்ணாடி மாட்டிக்கொண்டு இறங்கினேன். முதலில், மிதக்கும் குப்பையை இழுத்துக்கொள்ளும் ஸ்கிம்மர் வாய். பிளாஸ்டிக்கும் ஃபைபர்கிளாஸும் சேரும் அந்த இடத்தில்தான் பழைய பூல்களில் பெரும்பாலும் விரிசல் வரும் என்கிறார்கள், அங்கே ஒன்றும் இல்லை. அப்புறம் விளக்கு, தண்ணீர் திரும்பி வரும் வாய்கள், ஒவ்வொன்றிலும் ஒரு சொட்டு விட்டு அசையாமல் காத்திருக்க வேண்டும், நாம் அசைந்தால் தண்ணீரும் கலங்கி நிறம் சிதறிவிடும். சிவப்பு சும்மா மிதந்து கரைந்தது.

கடைசிப் படிக்கு வந்தேன். படியும் சுவரும் சேரும் மூலையில் ஒரு சொட்டு விட்டதும், அது ஒரு நொடி நின்று, நூல் போல நீண்டு, நேராக மூலைக்குள் போய்விட்டது. மறுபடி விட்டேன், மறுபடி போனது. விரலால் தடவினால் மயிர்க்கோடு மாதிரி ஒரு விரிசல், ஒரு சாண் நீளம். குதிகாலால் அந்தப் படியை அழுத்தினால் லேசாக உள்வாங்குகிறது, தட்டினால் வெற்றுப் பானைச் சத்தம். அடியில் மணலே இல்லை.

பிப்ரவரி 18, செவ்வாய்

அடுத்த வாரமே தண்ணீரை வடித்துவிட்டு ஒட்டுப் போடலாம் என்றுதான் நினைத்திருந்தேன். முதலில் வந்த கம்பெனிக்காரர் எல்லாவற்றையும் தோண்டி எடுத்துப் புதிதாகப் போடச் சொல்லிவிட்டுப் போனார். இன்று வந்தவர் முப்பது வருடமாக ஃபைபர்கிளாஸ் வேலை மட்டுமே செய்கிறவர். முதல் வார்த்தையே, "காலி பண்ணாதீங்க."

காரணத்தை மண்ணில் கோடு கிழித்துக் காட்டினார். இது கான்கிரீட் இல்லை. தொட்டியின் எடை ஒரு டன்னுக்குள்தான் வரும். சுவர் நிமிர்ந்து நிற்பதே உள்ளே இருக்கும் தண்ணீரின் பலத்தில். மழைக்காலத்தில் மண்ணுக்குள் நீர் ஏறியிருக்கும்போது உள்ளே காலியாக இருந்தால், வெளியிலிருந்து வரும் அழுத்தம் சுவரை உள்ளே தள்ளும், அல்லது தொட்டியையே படகு போல மேலே தூக்கிவிடும். அடித்தளத்தில் நீரழுத்த வால்வு ஒன்று இருக்கிறது, வெளிநீர் ஏறினால் திறந்து உள்ளே விட வேண்டியது, நாற்பது வருடத்தில் அது இறுகிப்போயிருந்தால் ஆச்சரியமில்லை.

மாமா கும்பகோணத்திலிருந்து வந்து ரெண்டு மாசம் ஆகிறது. கோடு கிழித்ததைப் பார்த்ததுமே அவருக்குப் புரிந்துவிட்டது. "ஐப்பசியில நம்ம பக்கம் காலித் தொட்டியப் பொதைச்சா கெளம்பி மேல வந்துரும்மா" என்றார். ஆழமான பக்கத்தில் மூடி போட்ட ஒரு பிவிசி குழாய் தரையோடு இருக்கிறது, மழைநீர்க் குழாய் என்றே இத்தனை நாள் நினைத்திருந்தேன். அது தொட்டியின் அடிவரை போகிறதாம், நிலத்தடி நீரைப் பார்க்கவும் இறைக்கவும். மாமா எட்டிப் பார்த்துவிட்டு, "கெணறுதானே இது" என்று சொல்லி, ஒரு மரச்சட்டத்தில் சென்டிமீட்டர் குறித்துக் கோல் செய்துவிட்டார். இன்று தரையிலிருந்து 110 சென்டிமீட்டர் கீழே தண்ணீர்.

பிப்ரவரி 22, சனி

தற்காலிக ஒட்டு. கம்பி பிரஷ்ஷால் பாசியைச் சுரண்டிவிட்டு, தண்ணீருக்குள்ளேயே இறுகும் எபாக்சி பசையை இரண்டு பாகமும் நிறம் ஒன்றாகும்வரை சப்பாத்தி மாவு போலப் பிசைந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு இறங்கி, விரிசலுக்குள் கட்டைவிரலால் அழுத்தி அழுத்தி ஏற்றினேன். ஆறு முறை முங்க வேண்டியிருந்தது. வாளி சோதனையில் பூல் 14, வாளி 6. முழுதாக நிற்கவில்லை, ஆனாலும் குறைவதைக் குழாய்த் தண்ணீர் விட்டுச் சமாளிக்கலாம். நிரந்தர வேலை மழை ஓய்ந்த பிறகுதான்.

மார்ச் 5, புதன்

ஆல்ஃபிரட் புயல் நேராக நம்மை நோக்கி வருகிறது. மணல் மூட்டைக்கு என் வீட்டுக்காரர் நான்கு மணி நேரம் வரிசையில் நின்றார். பக்கத்து வீட்டு அம்மா நல்லெண்ணத்தில்தான் சொன்னார், மழை கொட்டப்போகிறது, பாதியாவது இறைத்துவிடு, இடம் இருக்கும் என்று. இறைக்கவில்லை. எதிர்மாறாக ஹோஸை விட்டு ஸ்கிம்மர் நடுமட்டம் வரை ஏற்றினேன். பம்புக்கும் குளோரினேட்டருக்கும் மின்சாரத்தைத் துண்டித்தாயிற்று. பலர் வெளி நாற்காலிகளைப் பூலுக்குள் இறக்குகிறார்கள், நம் படியோ ஏற்கெனவே பலவீனம், அதனால் எல்லாம் கராஜுக்குள்.

மார்ச் 8, சனி

வரும் வரும் என்று நேற்று முழுக்கக் காத்திருந்தோம், புயல் கடலிலேயே தயங்கித் தயங்கி, இன்று வலுவிழந்துதான் கரையேறியது. காலையிலிருந்து கரண்ட் இல்லை. கோல் 70 காட்டுகிறது.

மார்ச் 10, திங்கள்

காற்று போன பிறகுதான் மழை வந்தது. இன்று காலை 9 மணி வரை 24 மணி நேரத்தில் பிரிஸ்பேனில் 275 மில்லிமீட்டர். 1974க்குப் பிறகு ஒரே நாளில் இவ்வளவு பெய்ததில்லையாம்.

ராத்திரி இரண்டு மணிக்கு மாமாவும் நானும் டார்ச்சோடு போய்ப் பார்த்தோம். பூல் விளிம்பு வழிந்து புல்லில் ஓடுகிறது. குழாயில் கோலை விட்டால், தரைக்கு வெறும் 25 சென்டிமீட்டர் கீழேயே நனைந்துவிட்டது! அதாவது தொட்டியைச் சுற்றி மண் முழுக்கத் தண்ணீர். உள்ளே காலியாக இருந்திருந்தால் ஒரு டன் தொட்டியை இருபது டன்னுக்கு மேல் விசை கீழிருந்து தள்ளியிருக்கும். மாமா ஒன்றும் பேசவில்லை, விளிம்புக் கல்லைச் சுற்றி நடந்து ஒவ்வொரு இணைப்பிலும் டார்ச் அடித்துப் பார்த்தார். எதுவும் நகரவில்லை. பூலில் கையை விட்டுக் கழுவி எடுத்தேன், மழைத்தண்ணீர் சில்லென்று இருந்தது, உப்பே தெரியவில்லை. அப்புறம் உள்ளே வந்து கேஸ் அடுப்பில் காபி போட்டுக் குடித்தோம்.

மே 10, சனி

குழாயில் சின்ன நீர்மூழ்கி மோட்டாரை இறக்கி மூன்று நாளாக நிலத்தடி நீரை இறைத்து, கோல் அடியிலும் நனையாமல் வந்த பிறகுதான் அந்த ஃபைபர்கிளாஸ்காரர் பூலை வடித்தார். வடிய வடிய, எதிரெதிர்ச் சுவர்களுக்குக் குறுக்கே மரக்கட்டைகளை முட்டுக் கொடுத்துக்கொண்டே போனார். படி மூலையை வெட்டித் திறந்ததும் நானும் கையை விட்டுப் பார்த்தேன், முழங்கை வரை போனது. ஈரக் களிமண்தான் தட்டுப்பட்டது, மணல் எப்போதோ போய்விட்டது.

மணலும் சிமென்டும் கலந்த கரைசலை இரண்டு தவணையாக ஊற்றினார், ஒரேயடியாக ஊற்றினால் படியே மேலே எழும்புமாம். அது இறுகியதும் விரிசலைச் சுற்றி ஒரு முழ அகலத்துக்குச் சாய்வாகத் தேய்த்து, அசிட்டோனால் துடைத்து, வினைல் எஸ்டர் ரெசினில் கண்ணாடி நார்ப் பாயை ஒட்டினார். வெள்ளைவெளேரென்று இருக்கும் பாய், ரெசின் ஊறியதும் கண்ணெதிரே மறைந்து கண்ணாடியாகிவிடுகிறது. வெள்ளையாக எங்கே தெரிகிறதோ அங்கே காற்று, அதை இரும்பு உருளையால் ஓரத்துக்கு விரட்டிக்கொண்டே இருக்க வேண்டும். நான்கு அடுக்கு. மேலே ஜெல்கோட் என்கிற நிறப் பூச்சு. புது நீலம் பழசோடு சேரவில்லை, தூரத்திலிருந்தே தெரியும், பரவாயில்லை. அடித்தள வால்வையும் மாற்றிவிட்டார், பழையதன் ஸ்பிரிங் துருவில் ஒரே கட்டியாகியிருந்தது. எல்லாம் சேர்த்து 3,400 டாலர்.

மே 18, ஞாயிறு

ரெசின் காய்ந்து, ஒன்றரை நாள் ஹோஸ் ஓடி, நேற்று நிரம்பியது. 24 மணி நேர வாளி சோதனை: வாளி 3, பூல் 3. மாமா கோலை விட்டுப் பார்த்து 125 என்று குறித்துக்கொண்டார். வியாழக்கிழமை அவர் ஊருக்குக் கிளம்புகிறார், கோலைக் குழாய் பக்கத்து வேலியில் ஆணியடித்து மாட்டி வைத்திருக்கிறார்.