இயந்திரத்தைவிட பிசியோவின் நேரம்

மேற்கு மாம்பலத்தில் வசிக்கும் என் பெரியப்பாவுக்குப் பக்கவாதம் வந்து, இடக்கையும் இடக்காலும் தளர்ந்த நிலையில் வீடு திரும்பியபோது, உறவினர்களின் பேச்செல்லாம் எந்த மையத்தில் எந்த இயந்திரம் இருக்கிறது என்பதைச் சுற்றியே இருந்தது. மேலிருந்து தொங்கும் பட்டை உடல் எடையைத் தாங்க, டிரெட்மில்லில் நடக்க வைக்கும் கருவியையே பெரியம்மா பெரிதும் நம்பினார். (புறா இரத்தம் தேய்க்கச் சொன்னவர்களும் உண்டு, அவர்களைக் காபி கொடுத்து அனுப்பிவிட்டோம்.)

அக்கருவியை, இயன்முறை மருத்துவர் (பிசியோ) வீட்டுக்கே வந்து அளிக்கும் வலு, சமநிலைப் பயிற்சிகளோடு ஒப்பிட்ட அமெரிக்க ஆய்வு ஒன்று 2011இல் வெளியானது. லீப்ஸ் என்று பெயர். 408 பேர் பங்கேற்றனர். ஓராண்டு முடிவில் டிரெட்மில் பயிற்சி மேலானது என்று நிறுவப்படவில்லை. அப்படியானால் வீட்டார் நாமே செய்துவிடலாமே என்று தோன்றும். இந்தியாவில் 14 மருத்துவமனைகளில் 1,250 நோயாளிகளைக் கொண்டு நடந்து, 2017இல் வெளியான அட்டெண்ட் ஆய்வு அதையும் சோதித்தது. குடும்பத்தினருக்குக் கற்றுக்கொடுத்து அவர்களையே பயிற்சி அளிக்கச் செய்ததால், ஆறு மாத முடிவில் வழக்கமான கவனிப்பைவிடக் கூடுதல் பலன் கிடைக்கவில்லை. இரண்டையும் சேர்த்துப் படித்தபோது, கையில் இருக்கும் பணத்தை நல்ல பிசியோவின் நேரத்துக்கே செலவிட வேண்டும் என்று எனக்குப் பட்டது.

எந்த வேலை திரும்ப வரவேண்டுமோ அந்த வேலையையே பலமுறை செய்வதுதான் பிசியோ தரும் பயிற்சியின் அடிப்படை. மூளையின் சேதமடையாத பகுதிகள் அப்படித்தான் புதிதாகக் கற்றுக்கொள்கின்றன. ஆகவே எங்கள் பிசியோ நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழுந்து உட்காரச் சொன்னார். எழும்போது எடை நல்ல காலிலேயே சாயாமல் இடக்காலிலும் இறங்குகிறதா என்று பார்த்தார். எளிதாகிவிட்டால் உயரம் குறைந்த இருக்கைக்கு மாற்றினார். வாசற்படி ஏறி இறங்குவதும், வேட்டியை இரு கைகளாலும் பிடித்துக் கட்டுவதும், டபராவிலிருந்து டம்ளருக்குத் தண்ணீர் ஆற்றுவதும் பயிற்சிகளாயின. பார்க்க வந்த யாரோ வாங்கித் தந்த ரப்பர் பந்தை பிசியோ எடுத்து வைக்கச் சொல்லிவிட்டார். பெரியப்பாவின் விரல்கள் ஏற்கெனவே இறுக மடங்கியிருந்ததால், மூடுவதைவிட விரிப்பதற்கே பயிற்சி தேவைப்பட்டது. எழுப்பி விடும்போது தளர்ந்த கையைப் பிடித்து இழுக்கக்கூடாது, தோள்மூட்டு நழுவி வலி நிலைத்துவிடக்கூடும் என்பதை மட்டும் அவர் சற்றுக் கடுமையாகவே சொன்னார்.

தனியார் பிசியோவின் கட்டணம் எல்லோராலும் தாங்கக்கூடியதல்ல. சென்னை கே.கே. நகரில் மறுவாழ்வுச் சிகிச்சைக்கென்றே அரசு மருத்துவமனை இருக்கிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து இயன்முறை சிகிச்சை அளிக்கிறார்கள். வருபவர் நாள்தோறும் வர இயலாது என்பதால், அடுத்த வருகைவரை எந்தப் பயிற்சியை எத்தனை முறை, யார் அருகில் நிற்கச் செய்யவேண்டும் என்று ஒவ்வொரு முறையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.