‘ஐபிஎஸ்’ என்று ஒரு தாளில் எழுதி வாங்குவதற்குள்

ஸ்கேனில் ஒன்றும் இல்லை, ரத்தத்தில் ஒன்றும் இல்லை, அதனால் உனக்கு ஒன்றுமே இல்லை என்று சொல்லி அனுப்பியவர்கள் மேல் எனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை. எனக்கு இருப்பது ஐபிஎஸ் (Irritable Bowel Syndrome), அடிக்கடி வயிற்று வலியும் வெளிக்குப் போவதில் மாற்றமும் வரும் குடல் கோளாறு.

கிருஷ்ணகிரியில் இருந்து ஓசூருக்குக் கம்பெனி பஸ்ஸில் போய் வருகிறேன். குருபரப்பள்ளி தாண்டும்போதே அடிவயிறு முறுக்க ஆரம்பிக்கும். சூளகிரி வருவதற்குள் சுடிதார் நனைகிற அளவுக்கு வியர்த்துவிடும். கம்பெனியில் உற்பத்தி லைனில் நின்ற பிறகு பாத்ரூம் போக வேண்டும் என்றால் ரிலீவர் வந்து என் இடத்தைப் பிடிக்க வேண்டும். காலையில் ரெண்டு தடவைக்கு மேல் கேட்டால் சூப்பர்வைசர் முகம் எப்படி மாறும் என்பது லைனில் வேலை பார்ப்பவர்களுக்குத் தெரியும்.

ஹெச்.ஆரில் ஃபைலைக் கொடுத்தேன். அங்கிருந்தவர் பக்கம் பக்கமாகப் புரட்டிவிட்டு, "எல்லாமே நார்மல்னுதானே சிஸ்டர் போட்டிருக்கு, வியாதி பேரு எங்க?" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். இஎஸ்ஐயில் உடம்பு முடியாத நாளுக்குச் சம்பளத்தில் 70 சதவீதம், வருடத்துக்கு 91 நாள் வரை கிடைக்கும், தெரியும். ஆனால் நான் லீவு கேட்கவில்லை. ஜெனரல் ஷிஃப்டும், கெஞ்சாமல் பாத்ரூம் போக அனுமதியும்தான் கேட்டேன்.

அம்மா குடல் தட்டக் கூட்டிக்கொண்டு போனதையெல்லாம் விட்டுவிடுகிறேன். எரிச்சல் வந்தது கோதுமை விஷயத்தில். இங்கே ஒரு கிளினிக்கில் கோதுமையை அடியோடு நிறுத்தச் சொன்னார்கள். மாதக்கணக்கில் நிறுத்திய பிறகு, அதே கிளினிக்கில் சீலியாக் நோய் (கோதுமையில் இருக்கும் குளூட்டன் குடலைக் கெடுக்கும் நோய்) இருக்கிறதா என்று பார்க்க டிடிஜி ரத்தப் பரிசோதனை எழுதினார்கள். நெகட்டிவ். அப்புறம் சேலத்தில் பார்த்த குடல் மருத்துவர் கேட்ட முதல் கேள்வி, "டெஸ்ட் எடுக்கறப்ப கோதுமை சாப்பிட்டுட்டு இருந்தீங்களா?" கோதுமையை நிறுத்தியிருந்தால், நோய் இருந்தாலும் அந்தப் பரிசோதனையில் தெரியாமல் போகலாமாம். கொடுத்த பணம் வீண். மறுபடி சில வாரம் தினமும் சப்பாத்தி தின்று, வலியோடு வேலைக்குப் போய், இன்னொரு முறை ரத்தம் கொடுத்தேன். அதுவும் நெகட்டிவ்தான், ஆனால் இந்த முறை நம்பலாம். டெஸ்ட் முடியும்வரை யார் சொன்னாலும் கோதுமையை நிறுத்தாதீர்கள்.

இந்த முறை ஹீமோகுளோபின் குறைவாக இருந்ததால் கொலனோஸ்கோப்பி, அதாவது பெருங்குடலுக்குள் கேமரா விட்டுப் பார்க்கும் பரிசோதனை. சேலத்து ஆஸ்பத்திரி கவுன்ட்டரில் இருந்தவர், "பேதி மருந்தைக் காலையில குடிச்சு முடிச்சிட்டுப் பத்து மணிக்கு வந்துடுங்க" என்றார். எந்த ஊர் என்று கேட்கவே இல்லை. பேதி மருந்து குடித்தவள் தர்மபுரி வழியாகத் தொப்பூர் கணவாய் இறங்கி எப்படி பஸ்ஸில் வருவாள்? நான் விடவில்லை. நர்ஸைக் கூப்பிடச் சொல்லிப் பேசினேன். முந்தின சாயங்காலமே வந்து ஆஸ்பத்திரி பக்கத்தில் லாட்ஜ் போட்டு, ராத்திரி பாதி, விடியற்காலை பாதி குடிக்கலாம் என்று அவர் எழுதிக் கொடுத்தார். வெளியூர்க்காரர்கள் இதை முதலிலேயே கேட்டுவிடுங்கள். பரிசோதனை மயக்கத்தில் முடிந்துவிட்டது. குடலில் ஒரு கோளாறும் தெரியவில்லை.

அன்றைக்குத்தான் டாக்டர் உட்கார வைத்து, ஐபிஎஸ் என்று எப்படி முடிவு செய்கிறார்கள் என்று பேசினார். மூன்று மாதமாக வாரத்தில் ஒரு நாளாவது வலி. வெளிக்குப் போனால் வலி கூடுவது அல்லது குறைவது, போகும் தடவை மாறுவது, மலத்தின் தன்மை மாறுவது, இவற்றில் இரண்டு. தொடங்கி ஆறு மாதமாவது ஆகியிருக்க வேண்டும். ஐபிஎஸ்ஸைக் கண்டறிய 2016-ல் வந்த, ரோம் 4 என்கிற விதிகள் இவை. குடலும் மூளையும் பேசிக்கொள்ளும் விதத்தில் கோளாறு, அது ஸ்கேனில் தெரியாது, ஆனால் வலி நிஜம் என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. "இதை அப்படியே எழுதிக் கொடுங்க டாக்டர்" என்றேன். லெட்டர்ஹெட்டில் நோயின் பெயர், பாத்ரூம் வசதி தேவை, கையெழுத்து, சீல், பதிவு எண். எல்லாவற்றையும் அங்கேயே சரிபார்த்துக்கொண்டேன்.

அமிட்ரிப்டிலின் 10 மில்லிகிராம் எழுதியிருந்தார். மருந்துக்கடையில் இருந்தவர் எல்லார் முன்னாலும், "இது மனநோய் மாத்திரையாச்சே, யாருக்கும்மா?" என்றார். பக்கத்தில் நின்ற அத்தை மாத்திரை அட்டையை என் கையிலிருந்து வாங்கித் திருப்பிக் கொடுத்துவிட்டார். வாசலில் நின்றே டாக்டருக்குப் போன் போட்டு அத்தையிடம் கொடுத்தேன். மனச்சோர்வுக்குத் தரும் அளவு இதைவிடப் பல மடங்கு, இது குடல் நரம்பின் வலியைத் தணிக்க, பிரிட்டனில் 2023-ல் வந்த பெரிய ஆய்விலும் பலன் தெரிந்தது என்று பொறுமையாகச் சொன்னார். அத்தையே உள்ளே போய் வாங்கி வந்தார். முதலில் கொஞ்ச நாள் வாய் உலர்ந்தது, காலையில் தூக்கம் கலையவில்லை. அப்புறம் பழகிவிட்டது.

சாப்பாட்டில் சின்ன வெங்காயம், பூண்டு, மாம்பழம் மூன்றையும் சில வாரம் நிறுத்தி, ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பார்த்தேன். மாம்பழம் ரெண்டு துண்டு வரை தாங்குகிறது. பூண்டை முழுப் பல்லாக எண்ணெயில் வதக்கி எடுத்துப் போட்டுவிட்டால் வாசனை எண்ணெயில் நிற்கும், வயிற்றைப் படுத்துவது எண்ணெயில் இறங்காது. ராகிக் களி எனக்கு ஒன்றும் செய்வதில்லை. எல்லாருக்கும் இதே கணக்கு வராது. மலத்தில் ரத்தம், காரணமில்லாமல் எடை குறைவது, தூக்கத்தில் எழுப்பும் வலி இருந்தால் நீங்களே ஐபிஎஸ் என்று முடிவு செய்யாமல் உடனே டாக்டரைப் பாருங்கள்.

ஹெச்.ஆரில் இந்த முறை ஜெராக்ஸை மட்டும் கொடுத்து, இன்னொரு பிரதியில் ‘பெற்றுக்கொண்டேன்’ என்று தேதியோடு கையெழுத்து வாங்கினேன். ஜெனரல் ஷிஃப்ட் கிடைத்தது. ரிலீவருக்காக நிற்காமல் போகலாம் என்று சூப்பர்வைசருக்கும் எழுத்தில் சொல்லிவிட்டார்கள்.