வாடகை வீடு: ஆபீஸுக்கும் போகணும், ஏர்போர்ட்டுக்கும் போகணும்

என் வேலை இயந்திரங்களைப் பழுது பார்ப்பது. பெரும்பாலான நாட்கள் ஆபீஸ்தான். எங்கோ ஒரு ஊரில் ஏதாவது இயந்திரம் நின்றுபோனால், மறுநாள் முதல் ஃப்ளைட்டைப் பிடித்தாக வேண்டும். அதனால் ஒவ்வொரு முறை வீடு மாறும்போதும் இரண்டு பக்கமும் வழி பார்த்துத்தான் முடிவு செய்கிறேன். இதே மாதிரி வேலையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் தோழி ஒருத்தி எப்படிப் பார்ப்பது என்று கேட்டாள். அவளுக்குச் சொன்னதைக் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன்.

இரண்டுக்கும் நடுவில் வீடு பார் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஆபீஸுக்குத் தினமும் போகிறோம், ஏர்போர்ட்டுக்கு எப்போதாவதுதான். ஒரு வழிக்கு 20 நிமிடம் கூடினால், 22 வேலை நாளுக்குக் கிட்டத்தட்ட 15 மணி நேரம் போய்விடும். அதுவே ஏர்போர்ட்டுக்கு ஒரு வழிக்கு அரை மணி கூடினாலும், மாதம் இரண்டு முறை போய்வந்தால் 2 மணி நேரம்தான். 2004-இல் வெளியான ஓர் ஆய்வுக்காக உளவியலாளர் டேனியல் கானமன், பொருளியலாளர் ஆலன் குரூகர் முதலானோர் டெக்சாஸில் வேலைக்குப் போகும் 909 பெண்களிடம், முந்தைய நாள் எதைச் செய்தபோது மனம் எப்படி இருந்தது என்று கேட்டார்கள். பட்டியலில் கடைசியில் வந்தது காலையில் வேலைக்குப் போகும் பயணம். அந்தப் பயணத்தைத்தான் முதலில் சுருக்கப் பார்க்க வேண்டும்.

சுருக்குவது என்றால் கிலோமீட்டரைக் குறைப்பது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. நமக்கு அலுப்புத் தருவது பெரும்பாலும் ஓடும் வண்டி அல்ல, நின்று காத்திருப்பதுதான். போக்குவரத்துத் திட்டம் போடுகிறவர்களும், காத்து நிற்கும் ஒரு நிமிடத்தை வண்டிக்குள் இருக்கும் ஏறக்குறைய இரண்டு நிமிடத்துக்குச் சமமாக வைத்துத்தான் கணக்குப் போடுகிறார்கள். 20 நிமிடத்துக்கு ஒரு ரயில் என்றால் சராசரியாக 10 நிமிடம் நிற்க வேண்டும். 5 நிமிடத்துக்கு ஒன்று என்றால் இரண்டரை நிமிடம். அதனால் அடிக்கடி வண்டி ஓடும் தடத்தில் நாலு ஸ்டேஷன் தள்ளி வீடு கிடைத்தாலும் தயங்காமல் எடுக்கலாம்.

ஸ்டேஷனிலிருந்து ஐந்து நிமிட நடை என்று விளம்பரத்தில் போட்டிருப்பார்கள். சாதாரண நடைக்கு அது 400 மீட்டர். வரைபடத்தில் அளந்தால் சரியாகத்தான் இருக்கும். காலை எட்டரைக்கு நேரில் நடந்து பார்த்தால்தான் மற்றதெல்லாம் தெரியும். முதலில் பெரிய சாலையைக் கடக்க சிக்னலுக்காக நிற்க வேண்டும். ஸ்டேஷனின் இந்தப் பக்க வாசல் பூட்டிக் கிடக்கும், சுற்றிக்கொண்டு மேம்பாலம் ஏறி இறங்க வேண்டும். டிக்கெட் கேட்டில் வரிசை நிற்கும். முதல் ரயிலில் ஏற இடமிருக்காது. வீட்டுக் கதவைப் பூட்டும் நேரத்திலிருந்து ஆபீஸ் நாற்காலியில் உட்காரும் வரை எவ்வளவு ஆகிறது என்பதுதான் உண்மையான பயண நேரம். வேலை நாளில், வேலை நேரத்தில் ஒரு முறை அப்படிப் போய்ப் பார்க்காமல் நான் எந்த வீட்டுக்கும் சரி சொல்வதில்லை.

அப்புறம் ஏர்போர்ட். இங்கே கணக்கு வேறு. தூரத்தைவிட எந்த நேரத்தில் போகிறோம் என்பதுதான் முக்கியம். காலை ஆறு மணி ஃப்ளைட் என்றால் நாலரை மணிக்காவது உள்ளே இருக்க வேண்டும். தண்டவாளப் பராமரிப்புக்காகப் பல நகரங்களில் நள்ளிரவுக்குப் பிறகு மெட்ரோ நின்றுவிடும், முதல் வண்டி ஐந்து மணிவாக்கில்தான் வரும். ஏர்போர்ட் ரயில் வீட்டு வாசலிலேயே நின்றாலும் அந்த நேரத்துக்கு உதவாது. டாக்ஸிதான் கதி. ஆனால் சாலை காலியாக இருக்குமே! 30 கிலோமீட்டரைக்கூட அரை மணி, முக்கால் மணியில் கடந்துவிடலாம். ரயில் உயிர் காப்பது மாலை ஏழு மணி ஃப்ளைட்டுக்குத்தான், ஊரே சாலையில் நிற்கும் நேரத்தில். எனவே நான் இரண்டு கேள்வி கேட்டுக்கொள்வேன். விடியற்காலையில் இந்தத் தெருவுக்கு டாக்ஸி தயங்காமல் வருமா? மாலையில் இங்கிருந்து ரயில் மாறாமல் ஏர்போர்ட் போகலாமா? திரும்பி வரும் நேரத்தையும் மறக்கக் கூடாது. இரவு பதினொன்றரைக்கு இறங்கிப் பெட்டி வந்து சேர்வதற்குள் கடைசி ரயில் போயிருக்கும்.

மாறாமல் என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம் பெட்டி. கைவீசிக்கொண்டு போகும்போது வண்டி மாறுவது பெரிய விஷயமில்லை. 23 கிலோ பெட்டியும் தோளில் கருவிப் பையுமாக மாறும்போதுதான், லிஃப்ட் பிளாட்பாரத்தின் அந்தக் கோடியில் இருப்பதும், எஸ்கலேட்டர் மேலே போக மட்டும்தான் என்பதும், கீழே இறங்க அறுபது படி என்பதும் தெரியவரும். வீடு பார்க்கும் கட்டத்திலேயே ஒரு முறை பெட்டியோடு அந்த வழியில் போய்ப் பாருங்கள்.

அப்படியானால் ஏர்போர்ட் பக்கத்திலேயே இருந்துவிடலாமே என்றால், சத்தம் இருக்கிறது. எங்கே சத்தம் விழும் என்பதை ஓரளவு முன்கூட்டியே கண்டுபிடிக்கலாம். ரன்வேயின் முனையில் எழுதியிருக்கும் எண் அதன் திசை. 09 என்றால் 90 டிகிரி, அதாவது கிழக்கு நோக்கி. மறுமுனையில் 27 இருக்கும், மேற்கு நோக்கி. வரைபடத்தில் ரன்வேயை ஒரு கோடாக இரண்டு பக்கமும் நீட்டிப் பாருங்கள், விமானங்கள் அதன் மேல்தான் இறங்கி வரும். வழக்கமான இறக்கக் கோணம் 3 டிகிரி. அந்தக் கணக்கில், ரன்வேக்கு 10 கிலோமீட்டர் முன்னால் விமானம் சுமார் 520 மீட்டர் உயரத்தில் இருக்கும், 5 கிலோமீட்டரில் 260 மீட்டர்தான். அந்தக் கோட்டிலிருந்து மூன்று நாலு கிலோமீட்டர் பக்கவாட்டில் விலகினால், ஏர்போர்ட்டுக்குக் கிட்டே இருந்தும் அமைதியாக இருக்கலாம்.

விமானங்கள் எதிர்காற்றில் ஏறி இறங்குபவை. காற்றின் திசை மாறினால் சத்தமும் ஊரின் மறுபக்கம் போய்விடும். ஆகவே ஒரு நாள் மொட்டை மாடியில் நின்று கேட்டது போதாது. விமானத்தைப் பின்தொடரும் ஆப்களில் சில வாரம் பார்ப்பேன், பக்கத்து வீட்டுக்காரர்களிடமும் கேட்பேன். இரவில் விமானம் உண்டா என்பதையும் விசாரிக்க வேண்டும். ஃபிராங்க்ஃபர்ட்டில் இரவு 11 முதல் காலை 5 வரை வழக்கமான விமானங்களுக்குத் தடை இருக்கிறது. எல்லா ஊரிலும் அப்படி இல்லை. விமானச் சத்தம் இரவில் சராசரியாக 40 டெசிபலுக்குக் கீழே இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2018-இல் பரிந்துரைத்தது. கோட்டுக்கு நேர் கீழே உள்ள வீட்டில் அதை எதிர்பார்க்க முடியாது. குழந்தையோ வயதானவர்களோ வீட்டில் இருந்தால், மற்ற வசதி எவ்வளவு இருந்தாலும் அந்த வீடு வேண்டாம் என்பேன்.

கடைசியாக, அடுத்த வருஷம் இங்கே மெட்ரோ வந்துவிடும் என்று சொல்லி வாடகையை ஏற்றிக் கேட்பவர்கள். பெர்லினின் புதிய ஏர்போர்ட் 2011-இல் திறப்பதாக இருந்து, 2020 அக்டோபரில்தான் திறந்தது. கீழே ரயில் நிலையம் எப்போதோ தயாராகிவிட்டது. சுரங்கத்தில் காற்று ஓடுவதற்காக பயணிகள் இல்லாத ரயில்களை அதற்குள் ஓட்டினார்கள். சொந்தமாக வீடு வாங்குகிறவர் மெட்ரோ வரும்வரை காத்திருக்கலாம். வாடகைக்கு இருக்கும் நாம் இரண்டு மூன்று வருஷத்தில் கிளம்பிவிடுவோம். இன்று ஓடும் வண்டிக்கு மட்டும் பணம் கொடுத்தால் போதும் என்று அவளிடம் சொன்னேன்.