பென்சில் பிடித்த பிறகுதான் பேஸ்பால் புரிந்தது

கிரிக்கெட் பார்த்து வளர்ந்த நம்மாட்களை பேஸ்பால் மைதானத்தில் கொண்டுபோய் உட்காரவைத்தால் வரும் முதல் புகார், "ஒண்ணுமே நடக்க மாட்டேங்குதே." நானும் அதைச் சொல்லிக்கொண்டிருந்தவன்தான். சன்னிவேலில் கால்ட்ரெய்ன் ஏறி, சான் ஃபிரான்சிஸ்கோவில் இறங்கி, அலுவலகக் கும்பலோடு ஜயன்ட்ஸ் அணியின் மைதானமான ஆரகிள் பார்க்குக்கு நடப்போம். பூண்டு போட்ட ஃப்ரைஸ் தின்போம். வலப்பக்கச் சுவருக்கு அப்பால் வளைகுடாவில் மிதக்கிற படகுகளைப் பார்ப்போம். ஏழாவது இன்னிங்ஸ் நடுவில் எல்லாரும் எழுந்து பாடும்போது நாங்களும் வாயசைப்போம். மொத்தம் ஒன்பது இன்னிங்ஸ், நாங்கள் எட்டாவதில் ரயிலுக்குக் கிளம்பிவிடுவோம். யார் ஜெயித்தார்கள் என்பதைப் போனில் பார்த்துக்கொண்டால் போதும்.

இப்போது ஜயன்ட்ஸ் ஆட்டம் என்றால் முழுசாகப் பார்க்கிறேன், அதுவும் மடியில் அட்டை வைத்துக் கையால் ஸ்கோர் எழுதிக்கொண்டு. 'உனக்கு ஏன் இந்த வேண்டாத வேலை, எல்லாம்தான் போனில் வருகிறதே' என்று கேட்கிற நண்பர்களுக்காகவும், நாமும் முயன்று பார்க்கலாமா என்று கேட்ட இரண்டொரு பேருக்காகவும் இதை எழுதுகிறேன்.

மேல்தளத்தில் எங்களுக்கு முன்வரிசையில் ஓர் அம்மா. பள்ளிக்கூட டீச்சராக இருந்து ஓய்வுபெற்றவர். ஜூலை மாதத்திலும் மேலே கம்பளி, மடியில் கிளிப் அட்டை, காதில் பென்சில். (சான் ஃபிரான்சிஸ்கோ கோடைக்காலத்தை நம்பி டீ-ஷர்ட்டில் போகிறவர்கள் எல்லாரும் மூன்றாவது இன்னிங்ஸில் கடைக்கு ஓடி ஸ்வெட்டர் வாங்குவார்கள்.) ஒருநாள் என்ன எழுதுகிறீர்கள் என்று கேட்டேன். பதில் சொல்லவில்லை. காலியாக இருந்த இன்னொரு தாளைக் கிழித்துக் கொடுத்து, "இந்த ஒரு டீமை மட்டும் நீ எழுது, அடுத்தது அப்புறம்" என்றார். பிள்ளைகளை வைத்து வேலை வாங்கிய கை.

தாள் சுலபமானதுதான். இடது பக்கம் ஒன்பது பேட்டர்களின் பெயர், மேலே இன்னிங்ஸ் எண்கள். ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும், பேட்டர் ஓடிச் சுற்றிவர வேண்டிய நாலு முனைகளான பேஸ்களைக் காட்டும் சின்ன வைர வடிவம். பேட்டர் ஒரு பேஸ் முன்னேறினால் அந்தப் பக்கத்துக் கோட்டை அழுத்தி வரைய வேண்டும். நாலு கோடும் முடிந்தால் ஒரு ரன். வைரத்தை முழுக்கக் கறுப்பாக்கிவிடலாம். மனப்பாடம் செய்ய வேண்டியது ஃபீல்டர்களின் எண்களை மட்டும்தான். பந்தை எறிகிற பிட்சர் 1, பேட்டருக்குப் பின்னால் உட்கார்ந்து பிடிக்கிற கேட்சர் 2, முதல் பேஸ் 3, இரண்டாம் பேஸ் 4, மூன்றாம் பேஸ் 5, இரண்டாம் பேஸுக்கும் மூன்றாம் பேஸுக்கும் நடுவில் நிற்கிற ஷார்ட் ஸ்டாப் 6, பிறகு வெளிமைதானம் இடமிருந்து வலமாக 7, 8, 9. சட்டையில் இருக்கிற எண்ணுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. ஷார்ட் ஸ்டாப் பந்தைப் பொறுக்கி முதல் பேஸுக்கு எறிந்து அவுட்டாக்கினால் 6-3. சென்டர் ஃபீல்டர் கேட்ச் பிடித்தால் எஃப்8. அடிக்கத் தவறிய பந்தும், அடிக்காமல் விட்ட சரியான பந்தும் ஸ்ட்ரைக். மூன்று சேர்ந்தால் ஸ்ட்ரைக் அவுட், அதற்கு ஆங்கிலக் 'கே'. மட்டையே வீசாமல் நின்று அவுட்டானால் அதே கே, கண்ணாடியில் தெரிவதுபோலத் திருப்பிப் போட்டது.

இந்த எண்கள் வாய்க்கு வரும்வரை மைதானத்தில் எழுத முடியாது. கண் தாளில் இருக்கும்போது ஆட்டம் ஓடிவிடும். 2023-இல் பிட்சருக்குக் கடிகாரம் வைத்த பிறகு இன்னும் மோசம். பேஸில் ஆள் இல்லையென்றால் 15 விநாடிக்குள் எறிய ஆரம்பித்துவிட வேண்டும். சராசரி ஆட்ட நேரம் அந்த ஒரே வருஷத்தில் இருபது நிமிடத்துக்கு மேல் குறைந்தது. பார்க்கிறவர்களுக்கு வரம், எழுதுகிறவனுக்குத் தண்ணீர் குடிக்கக்கூட நேரமில்லை.

அதனால் வீட்டில் ரேடியோவில் பழகினேன். கேஎன்பிஆர் 680. ஜான் மில்லர் வர்ணனை சொல்லும்போது பந்து யார் கையிலிருந்து யார் கைக்குப் போகிறது என்று ஒன்றுவிடாமல் சொல்லுவார். படம் கிடையாது என்பதால் மண்டைக்குள் மைதானத்தை நாமே போட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது. டிவி முன்னால் உட்கார்ந்து பழகியிருந்தால் இதில் பாதிகூட வந்திருக்காது என்று நினைக்கிறேன். டிவி பந்தை மட்டும்தான் காட்டும். ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு சாப்பாட்டு மேஜையில் ரேடியோவும் தாளுமாக நான் உட்கார்ந்தால் என் பெண், "அப்பா ஹோம்வொர்க் பண்றார்" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போவாள்.

எழுத ஆரம்பித்ததும் கண் போகிற இடம் மாறியது. முன்பு பந்தைத் துரத்துவேன். இப்போது பேட்டர் தரையோடு அடித்தால், கேட்சர் முகமூடியோடு எழுந்து முதல் பேஸ் பக்கம் ஓடுவது தெரிகிறது. எறிந்த பந்து கைதவறினால் பின்னால் நின்று தடுக்க அந்த ஓட்டம். பெரும்பாலும் அது வீண் ஓட்டமாகத்தான் முடியும், தாளில் ஒரு புள்ளிகூட விழாது. ஆனாலும் ஓடுகிறார். ஒரு ராத்திரி முதல் பேஸில் இருந்த ஓட்டக்காரர் கொஞ்சம் அதிகமாகவே விலகி நின்றிருந்தார். பிட்சர் சட்டென்று திரும்பி முதல் பேஸுக்கு எறிந்தார். ஆள் நடுவில் மாட்டிக்கொண்டார். முதல் பேஸ்காரர் ஷார்ட் ஸ்டாப்புக்கு, அவர் திரும்ப முதல் பேஸ்காரருக்கு, அதற்குள் பின்னால் வந்து நின்றுவிட்ட இரண்டாம் பேஸ்காரருக்கு ஒரு எறி, தொட்டு அவுட். முன்வரிசை அம்மா திரும்பிக்கூடப் பார்க்காமல், "சொல்லு" என்றார். "1-3-6-3-4" என்றேன். தலையை ஆட்டினார். எனக்கு அண்ணா யுனிவர்சிட்டியில் அரியர் கிளியர் ஆன சந்தோஷம்.

புரியாமல் ரொம்ப நாள் இழுத்தது மூன்றாவது ஸ்ட்ரைக் விவகாரம். பேட்டர் மூன்றாவது ஸ்ட்ரைக்கைத் தவறவிட்டாலும், கேட்சர் பந்தைச் சரியாகப் பிடிக்காமல் விட்டு, முதல் பேஸும் காலியாக இருந்தால் (அல்லது ஏற்கெனவே இரண்டு பேர் அவுட்டாகியிருந்தால்) பேட்டர் ஓடலாம். போய்ச் சேர்ந்துவிட்டால் அவுட் இல்லை. ஆனால் பிட்சர் கணக்கில் ஸ்ட்ரைக் அவுட் உண்டு. அதனால் ஒரே இன்னிங்ஸில் ஒருவர் நாலு பேரை ஸ்ட்ரைக் அவுட் செய்துவிட முடியும். இதை நம் ஊர்க்காரருக்கு விளக்கி முடிப்பதற்குள் இன்னிங்ஸே முடிந்துவிடும்.

சுவாரசியம் தொடங்குவது ஹிட்டா எர்ரரா என்கிற இடத்தில். ஷார்ட் ஸ்டாப் இடப்பக்கம் பாய்கிறார், பந்து கையுறை விளிம்பில் பட்டுச் சிதறுகிறது, பேட்டர் முதல் பேஸில் நிற்கிறார். இது பேட்டரின் திறமையா, ஃபீல்டரின் பிழையா? மைதானத்து அதிகாரபூர்வ ஸ்கோரர் பத்திரிகையாளர் மாடத்தில் உட்கார்ந்து தீர்ப்புச் சொல்லுவார். அந்த இடத்தில் விளையாடுகிற சராசரி ஆட்டக்காரர் சாதாரண முயற்சியில் முடித்திருக்கக்கூடியதா என்பதுதான் விதி கேட்கிற கேள்வி. நினைக்கவே தாமதமானது, யார் பிடிப்பது என்று இரண்டு பேர் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நடுவில் விட்டது போன்ற கூத்துகள் பொதுவாக எர்ரர் கணக்கில் வராது, ஹிட்டாகிவிடும். டபுள் பிளே, அதாவது ஒரே பந்தில் இரண்டு அவுட், முடிக்கப் பார்த்து எறி கோணலாகப் போனாலும், ஓட்டக்காரர் அதனால் கூடுதல் பேஸ் எடுக்காதவரை எர்ரர் கிடையாது. இரண்டாவது அவுட்டைச் சும்மா எடுத்துக்கொள்ள முடியாது என்பது நியாயம்.

திரையில் தீர்ப்பு வருவதற்குள் எங்கள் பகுதியில் பஞ்சாயத்து களைகட்டிவிடும். அந்தப் பக்கம் எழுதுகிறவர்கள் நாலைந்து பேர். ஒரு தாத்தா ஃபீல்டர்கள்மேல் கருணையே இல்லாதவர், எல்லாமே எர்ரர். டீச்சரம்மா கையை உயர்த்திப் பந்து எப்படி எகிறியது என்று நடித்துக் காட்டுவார். தீர்ப்பு வந்த பிறகும் யாரும் மாற்றி எழுத மாட்டார்கள். அதிகாரபூர்வக் கணக்கு அவர்களுடையது, இந்தத் தாள் எங்களுடையது. எனக்கு அங்கே பெயர் தெரிந்தவர்கள் உண்டானது இந்தச் சண்டைகளால்தான். கார்லிக் ஃப்ரைஸ் தின்ற வருஷங்களில் பக்கத்து இருக்கைக்காரர் முகம்கூட எனக்கு ஞாபகமில்லை.

ஆட்டம் முடிந்ததும் ஒரு சரிபார்ப்பு உண்டு. கணக்குப்பிள்ளை மனசுள்ளவர்களுக்கு இது தேன். பேட் செய்ய வந்தவர்களின் மொத்த எண்ணிக்கையை ஒரு பக்கம் எழுதுங்கள். மறுபக்கம் அந்த அணி எடுத்த ரன், பேஸில் மாட்டிக்கொண்டு நின்றவர்கள், எதிரணி எடுத்த அவுட்கள் மூன்றையும் கூட்டுங்கள். 38 பேர் வந்து 5 ரன் எடுத்து, 9 பேர் பேஸிலேயே நின்றுவிட்டு, 24 பேர் அவுட் என்றால் 38-க்கு 38. வந்த ஆள் ஒன்று ரன்னாக வேண்டும், அல்லது அவுட்டாக வேண்டும், அல்லது அங்கேயே நிற்க வேண்டும், வேறு போக்கிடமில்லை. இடிக்கிறது என்றால் எங்கோ ஒரு கட்டம் விட்டுப்போயிருக்கிறது.

ஒருநாள் பத்தாவது இன்னிங்ஸ் போன ஆட்டத்தில் இரண்டு அணிகளுக்குமே சரியாக ஒன்று இடித்தது. கால்ட்ரெய்னில் வீடு வரும்வரை துழாவிக்கொண்டே வந்தேன். மவுன்டன் வியூ தாண்டும்போதுதான் உறைத்தது. 2020 முதல் கூடுதல் இன்னிங்ஸ் ஒவ்வொன்றையும் இரண்டாம் பேஸில் ஓர் ஆளை நிறுத்தித்தான் தொடங்குகிறார்கள். அந்த ஆள் பேட் செய்யாமலே வந்தவர். சமன்பாட்டின் ஒரு பக்கத்தில் அவர் இல்லை, மறுபக்கத்தில் இருக்கிறார். இடது பக்கம் ஒன்றைக் கூட்டினால் கணக்கு நேராகிவிடுகிறது. டீச்சரம்மாவுக்கு அந்த விதியே பிடிக்காது. அவருடைய தாளில் அந்த ஆளுக்கு ஒரு பேய் படம்.

பழைய ஆட்டங்களை வீடியோவில் ஓடவிட்டு எழுதுவதும் நல்ல பயிற்சி. 2012 ஜூன் 13 அன்று இதே மைதானத்தில் ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸுக்கு எதிராக ஜயன்ட்ஸ் பிட்சர் மேட் கெய்ன் போட்ட பெர்ஃபெக்ட் கேம், அதாவது எதிரணியில் ஒருவரைக்கூட பேஸுக்கு விடாத ஆட்டம், என் தேர்வு. ஜயன்ட்ஸ் வரலாற்றில் முதலாவது. முடிவு தெரிந்தே எழுதினாலும் கை நடுங்குகிறது. 14 கே. ஏழாவது இன்னிங்ஸில் கிரெகோர் பிளாங்கோ சுவர் ஓரம்வரை ஓடிப் பாய்ந்து பிடித்ததை வெறும் எஃப்9 என்று எழுத மனசு வரவில்லை. பக்கத்தில் ஒரு நட்சத்திரம் போட்டேன், அதற்கு அனுமதி உண்டு. கடைசி அவுட் 5-3. 27 பேர் வந்தார்கள், 27 பேரும் அவுட். ஆஸ்ட்ரோஸ் பக்கத்தில் ஒரு கோடுகூட அழுத்தி வரையப்படாமல் எல்லா வைரமும் வெறுமையாக இருந்தது.

இந்தக் குறிப்புமுறைக்குப் பிள்ளையார் சுழி போட்டவர் நம் கிரிக்கெட் வழியாக வந்தவர் என்று பிறகு படித்தேன். ஹென்றி சாட்விக், 1824-இல் இங்கிலாந்தின் எக்ஸெட்டரில் பிறந்தவர். சிறுவயதில் அமெரிக்கா வந்து, நியூயார்க் பத்திரிகைகளுக்குக் கிரிக்கெட் செய்தி எழுதிக்கொண்டிருந்தவர் பேஸ்பாலுக்குத் தாவி, அதற்கும் ஆட்ட விவரப் பட்டியலைக் கொண்டுவந்தார். அந்தக் 'கே'யும் அவர் கைவண்ணம். ரசிகர்களின் பென்சிலுக்கும் வரலாறு உண்டு. பந்துக்குப் பந்து விவரம் பொதுமக்களுக்குக் கிடைக்காத 1984-இல், பேஸ்பால் புள்ளிவிவர எழுத்தாளர் பில் ஜேம்ஸ் யோசனையில் 'புராஜெக்ட் ஸ்கோர்ஷீட்' என்று தொடங்கி, நாடு முழுக்க ரசிகர்களே உட்கார்ந்து ஆட்டங்களை எழுதித் தொகுத்தார்கள். 1989-இல் டேவிட் ஸ்மித் தொடங்கிய 'ரெட்ரோஷீட்' அதற்கு முந்தைய காலத்து ஸ்கோர் தாள்களைத் தேடித் தேடிச் சேர்த்து, இன்றைக்கு எவரும் காசில்லாமல் பார்க்கும்படி வைத்திருக்கிறது. யார் வீட்டுப் பரணிலோ கிடந்த தாள்களும் அதில் சேர்ந்திருக்கின்றன.

பதில் மரியாதையாக நானும் ஒன்று செய்தேன். ஏ'ஸ் என்ற இன்னொரு பேஸ்பால் அணி 2024-இல் காலி செய்துவிட்டுப் போன ஓக்லண்ட் கொலீசியத்தில், 2025 ஜூனில் அமெரிக்காவின் டி20 தொடரான மேஜர் லீக் கிரிக்கெட் நடந்தது. எங்கள் பென்சில் கோஷ்டியை அங்கே கூட்டிப்போனேன். அந்தத் தொடரின் முதல் ஆட்டத்திலேயே ஃபின் ஆலன் 19 சிக்ஸரோடு 151 அடித்திருந்தார், அதனால் எல்லாருக்கும் ஆர்வம். டீச்சரம்மாவுக்கு சிக்ஸர் பெரிய விஷயமாகப் படவில்லை. ரன்னே இல்லாத ஓவரில் ஆறு புள்ளிகளையும் இணைத்து 'எம்' போடுவோம் என்று காட்டியபோதுதான் முகம் மலர்ந்தது. டி20-யில் அதற்கு எங்கே போவது? மெய்டனுக்காகக் கடைசிவரை காத்திருந்தார்.

தொடங்க விரும்புகிறவர்களுக்கு: பேனா வேண்டாம், பென்சிலும் நல்ல ரப்பரும். முதலில் ஒரு அணி மட்டும். பெயர்ப் பட்டியல் ஆட்டத்துக்கு முன்பே போனில் வந்துவிடும், ரயிலிலேயே எழுதிக்கொள்ளலாம். 2022 முதல் எல்லா அணிகளிலும் பிட்சருக்குப் பதில் பேட் செய்ய ஆள் வந்துவிட்டதால் நடுவில் ஆள் மாற்றும் குழப்பம் குறைந்திருக்கிறது. ஒரே இன்னிங்ஸில் ஒன்பது பேரும் வந்து மறுபடி முதல் ஆளே வந்து நின்றால், அடுத்த இன்னிங்ஸ் கட்டத்தை எடுத்துக்கொண்டு மேலே எண்ணை மாற்றிப் போடுங்கள்.

இந்த 2026 சீசனில் புதிதாக ஒரு தலைவலி. பந்து ஸ்ட்ரைக்கா இல்லையா என்று அம்பயர் சொன்னதை பேட்டரோ பிட்சரோ கேட்சரோ தலையைத் தட்டிக் காட்டி முறையிடலாம். உடனே திரையில் இயந்திரத் தீர்ப்பு. அணிக்கு இரண்டு வாய்ப்பு, ஜெயித்தால் அந்த வாய்ப்பு கையிலேயே இருக்கும். அதனால் திருப்பிப் போட்ட கே-யை எழுத அவசரப்படக் கூடாது, ஆள் தலையைத் தட்டுகிறாரா என்று பார்த்துவிட்டு எழுத வேண்டும். இதற்கு என்ன குறி போடுவது என்று எங்கள் பகுதியில் இன்னும் முடிவாகவில்லை. டீச்சரம்மா கட்டத்தின் மூலையில் குட்டித் தொப்பி வரைகிறார். எர்ரர் தாத்தா இதையெல்லாம் எழுதவே கூடாது என்கிறார். எனக்கு அவ்வளவு சின்ன இடத்தில் தொப்பி வரைய வராது. ஒரு குறுக்குக் கோடு போட்டு, ஜெயித்தால் அதில் ஒரு டிக்.