வேலூர்க்காரருக்குச் சின்ன ஜெட் கட்டுப்படியாகுமா?

ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைப் பக்கம் தோல் ஏற்றுமதி செய்கிறவர்களிடம் சின்ன ஜெட் பேச்சு வந்தால், "என்ன விலை?" என்றுதான் ஆரம்பிக்கும். எம்ப்ரேயர் கம்பெனியின் சின்ன ஜெட்டான ஃபீனம் 300 புதுசாக ஒரு கோடி டாலருக்கு மேல். அதை இப்போதைக்கு ஓரமாக வைத்துவிட்டு, அந்த விமானம் எங்கே இறங்கும் என்று பார்ப்போம்.

ஃபீனம் 300 முழு எடையில் மேலெழும்ப சுமார் 3,200 அடி, அதாவது 980 மீட்டர் ஓடுபாதை வேண்டும் என்று கம்பெனிக் கையேடு சொல்கிறது. அது கடல் மட்டத்தில், 15 டிகிரி வெப்பத்தில் போட்ட கணக்கு. நம்ம ஊரில் 15 டிகிரி மார்கழி விடியற்காலையில் வந்தால் உண்டு. மே மாத மத்தியானம் 42 டிகிரியில் என்ன ஆகிறது? வேலூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 700 அடி. அந்த உயரத்தில் இருக்கவேண்டிய தர வெப்பம் 13.6 டிகிரி. மிச்சம் 28 டிகிரி அதிகம். ஒரு டிகிரிக்கு 120 அடி வீதம் கூட்டினால் 3,400 அடி, ஊர் உயரத்தையும் சேர்த்தால் 4,100 அடி. இது ஓடுபாதை நீளம் இல்லை, அந்த வெயிலில் வேலூர் விமானத்துக்கு 4,100 அடி உயர ஊர் மாதிரி என்று அர்த்தம். ஏலகிரி மலை 3,600 அடி சொச்சம்தான். கோட்டை வாசல் வெயிலில் இன்ஜினுக்குக் கிடைக்கிற காற்று, தர வெப்பத்தில் ஏலகிரி உயரத்தில் இருக்கும் காற்றைவிட மெலிசு. இன்ஜின் தள்ளுவிசை குறையும், அதே தூக்குவிசைக்கு இறக்கை இன்னும் வேகமாக ஓட வேண்டும், ஓட்டம் நீளும். வேலூர் விமான நிலையமான அப்துல்லாபுரத்தின் ஓடுபாதை ஒரு கிலோமீட்டர்கூட இல்லை.

இறங்குவதில் இன்னொரு சிக்கல். வாடகைக்கு ஓட்டும் ஜெட், கையேட்டில் உள்ள இறங்கு தூரம் ஓடுபாதையின் 60 சதவீதத்துக்குள் அடங்கும்படி இருக்க வேண்டும். கையேடு 800 மீட்டர் என்றால் ஓடுபாதை 1,333 மீட்டர் தேவை. மழை பெய்து நனைந்திருந்தால் 15 சதவீதம் கூட்டி 1,533. ஆக அப்துல்லாபுரத்தை மறந்துவிடலாம்.

மிச்சம் இருப்பது மீனம்பாக்கம். அங்கே முதன்மை ஓடுபாதை 3,658 மீட்டர், தூரம் ஒரு பிரச்சினையே இல்லை. ஆனால் வேலூரிலிருந்து 140 கிலோமீட்டர் சாலை. ஸ்ரீபெரும்புதூர் தாண்டி நெரிசலில் மாட்டினால் மூன்று மணி நேரம் போய்விடும். பெங்களூரு எக்ஸ்பிரஸ் சாலையும் ஸ்ரீபெரும்புதூரோடு முடிகிறது என்பதால் அந்தக் கடைசித் துண்டுக்கு விமோசனம் இல்லை. ஆம்பூர், வாணியம்பாடிக்காரர்கள் பெங்களூரு எச்ஏஎல் விமான நிலையத்தைப் பார்க்கலாம், அது அவர்களுக்கு இன்னும் பக்கம். அங்கே குளுமைதானே என்று நினைக்க வேண்டாம். 2,900 அடி உயரத்தில் இருப்பதால் 33 டிகிரியிலேயே அதே கணக்கு 5,700 அடியைத் தாண்டிவிடும். ஓடுபாதை போதுமான நீளம்தான். ஒரு இன்ஜின் நின்றாலும் விதி கேட்கிற அளவு செங்குத்தாக மேலேற முடியுமா என்பதுதான் எவ்வளவு எடை ஏற்றலாம் என்பதைத் தீர்மானிக்கும்.

இனி பறப்பு. தோல் தொழிலுக்குக் கான்பூர் முக்கியம். சென்னைக்கு நேர் வடக்கே 1,490 கிலோமீட்டர். மணிக்கு 800 கிலோமீட்டருக்கு மேல் போகிற விமானத்தில், ஏறி இறங்குவதையும் சேர்த்து, இரண்டேகால் மணி நேரத்துக்குள் முடியும். எரிபொருள் கணக்கு சராசரியாக மணிக்கு 600 முதல் 700 லிட்டர் ஏடிஎஃப், அதாவது ஜெட் எரிபொருள். முதல் மணி நேரம் ஏறுவதற்கே அதிகம் குடிக்கும். 41,000 அடிக்கு மேல் போனபிறகுதான் சிக்கனம். கட்டுப்பாட்டு அறை 25,000 அடியிலேயே நிறுத்திவைத்தால் திட்டம் போட்ட கணக்கு கவிழும். அதனால் டாங்க் நிரப்பிக்கொள்ளலாம் என்றால், எடை இடிக்கும். சின்ன ஜெட் எதிலும் முழு டாங்க்கும் முழு சீட்டும் ஒன்றாகக் கிடைக்காது. ஆறு பேர், ஆளுக்குப் பெட்டியோடு 90 கிலோ என்றாலே 540 கிலோ. துபாய் சுமார் 2,930 கிலோமீட்டர். நாலைந்து பேரோடு ஃபீனம் 300 போய்விடும், குளிர்காலத்தில் மேற்கிலிருந்து எதிர்க்காற்று பலமாக இருந்தால் யோசிக்க வேண்டும். இதைவிடச் சின்ன ஃபீனம் 100, சைட்டேஷன் மஸ்டாங் வகையில் துபாய்ப் பேச்சே கூடாது.

சொகுசு என்பது விளம்பரப் படத்தில் தெரிவது வேறு. கேபின் உயரம் 1.5 மீட்டர், குனிந்துதான் நடக்க வேண்டும். முட்டிவலி உள்ள பெரியவர்களை வாங்குவதற்கு முன்பே ஒருமுறை ஏற்றி இறக்கிப் பாருங்கள். மேலே போனபின் நன்றாகவே இருக்கும். 45,000 அடியில் பறந்தாலும் உள்ளே 6,600 அடி உயரத்துக் காற்றழுத்தம்தான், கொடைக்கானலில் உட்கார்ந்திருப்பதைவிடக் கொஞ்சம் கீழே. தொல்லை தரையில்தான். தரையில் நிற்கும்போது மின்சாரமும் ஏசியும் தருகிற துணை இன்ஜின் இந்த வகை ஜெட்களில் பெரும்பாலும் கிடையாது. மே மாதம் வெயிலில் நின்ற விமானத்தின் கதவைத் திறந்தால் தோல் சீட் தோசைக்கல். தரை மின்சார வண்டியைக் கொண்டுவந்து பூட்டி, பயணிகள் வருவதற்கு அரை மணி முன்பே ஏசியை ஓடவிட வேண்டும். அந்த வண்டியை முன்கூட்டியே சொல்லி வைக்காவிட்டால் கிடைக்காது. பாட்டரியிலேயே ஸ்டார்ட் செய்துகொள்ளலாம் என்று சூட்டோடு சூடாக அடுத்தடுத்து முயன்றால் பாட்டரி கெடும், இன்ஜின் உள்வெப்பமும் எல்லை தாண்டும்.

பராமரிப்பில் பெரிய செலவு இன்ஜின். மணிக்கு இவ்வளவு என்று கட்டணம் கட்டி உற்பத்தியாளர் திட்டத்தில் சேர்ந்துவிடுவதே நல்லது. ஒப்பந்தத்தில் வருஷத்துக்குக் குறைந்தபட்சம் எத்தனை மணி நேரத்துக்குக் கட்ட வேண்டும் என்ற வரியைத் தேடிப் படியுங்கள். பறக்காத மணிக்கும் பணம் போகும். சில்லறை விஷயங்களும் கழுத்தை அறுக்கும். வேகம் காட்டும் பிட்டோ குழாயின் வாயில் குளவி மண்கூடு கட்டிவிடும். பென்சில் தடிமன் ஓட்டை, அரை நாள் மூடாமல் விட்டாலே போதும். விமானம் ஓடத் தொடங்கியதும் இரண்டு பக்க வேகமானிகளும் வேறு வேறு காட்டும், பயணம் ரத்து. சிவப்பு நாடா தொங்கும் உறை ஒன்று போட்டால் தீர்ந்தது. இறக்கையின் முன்விளிம்பில் ஐஸ் உடைக்கும் ரப்பர் உள்ள மாடல் என்றால், வெயிலில் அது விரிசல் விட்டுவிடும், ஹேங்கர் இல்லாமல் வைக்காதீர்கள்.

இப்போது காசு. எரிபொருளை லிட்டர் நூறு ரூபாய் என்று வைத்தால் மணிக்கு 65,000. இது கணக்கில் சின்னது. இரண்டு பைலட் சம்பளம், சிமுலேட்டர் பயிற்சி, இன்ஷூரன்ஸ், ஹேங்கர், இன்ஜினியர், அனுமதிகள் எல்லாம் சேர்ந்து வருஷத்துக்கு ஐந்து கோடி ஆகிறது என்று பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். 100 மணி பறந்தால் மணிக்கு 5 லட்சம் தலைமேல் விழும். 300 மணி பறந்தால் 1.67 லட்சம். கான்பூரில் இறக்கிவிட்டு விமானம் காலியாகத் திரும்பினால் அந்த இரண்டு மணி நேரமும் உங்கள் கணக்கே. வருஷம் 150 மணிக்குக் கீழே என்றால் வாடகை ஜெட்தான் சரி.

வரியும் இதே திசையில்தான் தள்ளுகிறது. 2025 செப்டம்பர் 22 முதல் சொந்த உபயோக விமானத்துக்கு ஜிஎஸ்டி 40 சதவீதம், மற்றவற்றுக்கு 5. அதனால் பலர் வாடகை விமான உரிமம் உள்ள நிறுவனத்தின் பெயரில் ஓட்டுகிறார்கள். அப்போது நிஜமாகவே வெளியாருக்கு வாடகைக்குப் போக வேண்டும். வீட்டு ஆட்களுக்கு மட்டும் ஓட்டினால் சுங்கத் துறை நோட்டீஸ் வரும், வழக்குகள் நடந்திருக்கின்றன.

பழைய விமானம் வாங்குவதானால் முன்பணம் கொடுக்குமுன் இன்ஜினுக்குள் கேமரா விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். லாக்புத்தகம் முதல் பக்கத்திலிருந்து தொடர்ச்சியாக இருக்கிறதா, இன்ஜின் திட்டக் கட்டணத்தில் பாக்கி உண்டா, ககன் எனும் இந்தியச் செயற்கைக்கோள் வழிகாட்டுதலுக்கான கருவி பொருத்தியதா என்று பார்க்கச் சொல்லுங்கள். ஒரு லாக்புத்தகம் தொலைந்திருந்தால் விலையை எவ்வளவு குறைத்தாலும் வேண்டாம். இங்கே பதிவு செய்யும்போது அந்தப் பக்கங்களைத்தான் முதலில் கேட்பார்கள்.